வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்

பிரியமுள்ள மச்சான் வடிவேலுவுக்கு,

உன் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். நீ போய் ஒன்பது வருஷமாகிறது. நேரில் உன்னிடம் சொல்லாத ஒன்றை இனியும் உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அது உனக்கு முன்பே தெரியும் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

முதலில் வீட்டுச் செய்தி சொல்கிறேன். உன் ராசம்மாவுக்குக் குவீன்ஸ்டவுனில் ஃபிளாட் கிடைத்துவிட்டது. ஏழாவது மாடி. லிஃப்டில் ஏறப் பயந்து முதல் வாரம் முழுக்கப் படியேறியே போனாளாம். உன் மகள் செல்விக்குப் பதின்மூன்று வயது. இங்கிலீஷ் ஸ்கூலில் படிக்கிறாள். நம் இரண்டு பேரையும்விட நன்றாகப் படிக்கிறாள்.

நாமும் ஒரே வகுப்பில்தானே இருந்தோம். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். உன் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து நான் வகுப்புக்குப் போனேன். நீ தண்ணீர்க்குழாய் பதிக்கும் கூட்டத்தோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனாய். நான் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியானேன். அன்றிலிருந்து உனக்கு வரும் இங்கிலீஷ் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நீயும் ஒரு நாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒரு சீப்புப் பழமாவது இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம். கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். ரேடியோவில் நாடகம் போய்க்கொண்டிருந்தது. மரப்படியில் உன் காலடிச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரி கமலா எட்டிப்பார்த்து, "வடிவேலண்ணன் வர்றாங்க, கையில ஏதோ கவர்" என்றாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் மச்சான். வேறு காரணம் எதுவும் இல்லை. உன்மேல் கோபமில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. எழுந்து சட்டை போடவேண்டும், உட்காரவேண்டும், படித்துச் சொல்லவேண்டும். "நான் இல்லைன்னு சொல்லு" என்றேன்.

அவள் கதவுக்குப் போனாள். நீ வருவதற்குள் சத்தத்தைக் குறைத்துவிடலாமென்று கையை நீட்டினேன். பிந்திவிட்டது. அவள் உன் முகத்தைப் பார்த்து, "அவங்க வெளிய போயிருக்காங்கண்ணே, வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன்" என்று சொல்லும்போதுதான் உள்ளே ரேடியோ சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

கவர் மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியா தங்கச்சி? அவசரம் ஒன்னும் இல்லை. வந்தா, வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்றாய். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. படியில் மட்டும் நீ வந்ததைவிட மெதுவாக இறங்கினாய்.

ஒரு வாரம் கழித்துத் தேக்கா சந்தையில் மீன்கடைக்கு முன்னால் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். "அன்னிக்கு வந்தியாமே, நான் கேலாங் வரைக்கும் போயிருந்தேன்" என்றேன். கேலாங்! யார் கேட்டார்கள்? நீ சிரித்தாய். "ஒன்னும் இல்லைடா, சும்மா வந்தேன்லா" என்றாய். என் பொய்யை நீ வாங்கிக்கொண்டாய், உன் பொய்யை நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆறு மாதத்தில் நீ ரத்தம் ரத்தமாக இருமினாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் ராசம்மாவிடம் கேட்டாராம்: வேலையிடத்தில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே படத்தில் நோய் தெரிந்தது, உடனே வரச்சொல்லி அப்போதே கடிதம் போட்டோமே, ஏன் வரவில்லை என்று. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நான் விசிறினேன். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏன் அந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் காட்டவில்லை? உள்ளே என்ன இருக்கும் என்று நீயே ஊகித்து, வேலை போய்விடும் என்று பயந்தாயா? காசநோய் என்று தெரிந்தால் கூலிக்காரர் லைன் வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று நினைத்தாயா? இல்லை, நானே கதவைச் சாத்தியபிறகு யாரிடம் போவது என்று விட்டுவிட்டாயா?

போன மாதம் ராசம்மா வந்திருந்தாள். வீடு மாற்றும்போது பெட்டிக்கடியில் அந்தக் கவர் கிடைத்ததாம். செல்வி படித்துச் சொல்லியிருக்கிறாள். ராசம்மா அதை என் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அந்த ஞாயித்துக்கிழமை அவரு திரும்பி வந்து என்ன சொன்னாரு தெரியுமா? 'மச்சான் படிச்சுப் பார்த்துட்டான், வழக்கமான ஆபீஸ் பேப்பர்தான், ஒன்னும் இல்லைன்னான்' அப்படின்னாரு. டாக்டர் சொன்னப்புறம், ஏனோதானோன்னு படிச்சு என் புருஷனைக் கொன்னுட்டீங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து சிரிச்சுட்டுப் போனேன். உள்ளுக்குள்ள உங்களை வெறுத்தேன்."

நான் கவரிலிருந்து கடிதத்தை எடுத்தேன்.

"இப்பப் பாப்பா படிச்சதும்தான் புரிஞ்சுது. இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு, உங்களுக்கா புரியாம போயிருக்கும்? பயந்துடுவாரு, வேலை போயிடும்னுதான் மறைச்சிருக்கீங்க. பாசத்துல செஞ்சதுதானே. என்னை மன்னிச்சிடுங்கண்ணே."

அந்தக் கடிதத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன் மச்சான். நாலே வரி. கமலா காப்பியோடு அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள்.

"ஆமாம்மா" என்றேன். "நீதான் என்னை மன்னிக்கணும்."

ராசம்மா அழுதாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வந்ததைவிட லேசாகிப் போனாள்.

அவள் போனதும் கமலா கேட்டாள், "உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வடிவேலு அவகிட்ட பொய் சொன்னான்னு ஆயிடும்."

"அவரைக் காப்பாத்தவா சொன்னீங்க?"

 இல்லை, உன்னைக் காப்பாற்ற இல்லை. பாசத்தால் தப்புச் செய்தவன் என்று ஒருத்தி என்னை மன்னிக்கும்போது, சோம்பலால் செய்தவன் நான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் கொடுத்த அந்த மனிதன் என்னைவிட நல்லவனாக இருந்தான். அவனைச் சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆதாயத்துக்காகத்தான் மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். எனக்கு அன்று என்ன ஆதாயம்? அரைமணி நேரப் படுக்கை. உனக்கு? நண்பன் திருப்பி அனுப்பினான் என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம், இல்லாவிட்டால் அவளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற நினைப்பு. ராசம்மாவுக்கு? பண்டிகை நாளில் மனத்தாங்கல் வேண்டாம். கெட்டவர்கள் யாருமில்லை மச்சான். ஆனாலும் நீ இல்லை. இனி அவளிடம் உண்மையைச் சொன்னால், அழுது தீர்த்து அவள் அடைந்த கொஞ்ச நிம்மதியும் போய்விடும். சொல்லாவிட்டால் சாகும்வரை அவள் யாரோ ஒருவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். இதில் எனக்கு வழி தெரியவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. செல்வி தமிழ்ப் பத்திரிகை தொடுவதில்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் இதை எழுதத் துணிந்தேன் என்பதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அவளிடம் சொல்லிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க ஆசை. கொடுத்தால் அதுவும் பொய்யாகப் போகும். என்னால் முடிந்தது இவ்வளவுதான்: அடுத்த முறை ராசம்மா என்னை நல்லவன் என்று சொன்னால், இல்லை என்று சொல்வேன். ஏன் என்று அவள் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் நிச்சயம் சொல்வேன்.

இப்படிக்கு,
நீ கடைசிவரை மச்சான் என்றே கூப்பிட்டவன்