வீட்டுச் சாப்பாடுதான்

மார்ச் 3, செவ்வாய்

அச்சகத்தில் இன்று முழுக்க ஒரு மருந்துக் கையேட்டுக்குப் பிழை திருத்தினேன். கண் பிதுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் தரையில் வரைபடத்தை விரித்துவைத்து எங்கள் இரண்டு பெண்களுக்கும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். "இந்த ஸ்டேஷன்ல சூப் குடிக்க இறங்கி ரயிலையே விட்டோமே!"

மற்ற வீடுகளில் போய் வந்த இடத்தைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அங்கே தின்றதைச் சொல்வோம். அதெல்லாம் பழைய கதை. போன வருஷம் ஒரு கடையில் ஒரு வாய் கேக் தின்று சின்னவளுக்கு உதடு வீங்கி மூச்சு அடைத்தது. வேர்க்கடலை. அது அவளுக்கு ஒத்துக்காது என்றே அன்றுதான் தெரிந்தது. அவள் நீலமாகிப் போனதைப் பார்த்தவள் நான். அன்றோடு வெளிச் சாப்பாட்டுக்குக் கும்பிடு போட்டேன். பதினாலு மாசம் ஆகிறது.

மார்ச் 7, சனி

பெரியவளுக்குப் பதினாலு முடிந்தது. பரிசு என்ன வேண்டும் என்றால், வெளியே சாப்பிட வேண்டுமாம். வேறொன்றும் வேண்டாமாம். கேட்டதை எல்லாம் நானே செய்து தருகிறேன் என்றேன்.

"நீ செய்றது நல்லாதாம்மா இருக்கு. ஆனா பக்கத்துலயே நின்னு வாயைப் பார்த்துக்கிட்டே இருக்கியே, எப்படி இறங்கும்?"

அவர் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. யார் பக்கம் அவர்?

மார்ச் 8, ஞாயிறு

ராத்திரி நானே இறங்கிவந்து, அடுத்த சனிக்கிழமை வெளியே சாப்பிடப் போகலாம் என்றேன்.

மார்ச் 14, சனி

போனோம். சின்னவளுக்கு மட்டும் நான் டப்பா கட்டி எடுத்துப்போனேன். பரிமாறுபவர் தயங்கித் தயங்கி, "வெளிச் சாப்பாடு இங்க அனுமதி இல்லைங்க" என்றார். இவர் விஷயத்தைச் சொன்னார். "அப்படியா? சமையல்காரரையே கூப்பிடட்டுங்களா? நீங்களே கேட்டுக்கலாம்." வேண்டாம் என்று நான் முந்திக்கொண்டேன்.

ஆறிப்போன சோற்றைப் பிசைந்தபடி சின்னவள் அக்காவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் பாதியில் கை கழுவிவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் சின்னவள் கேட்டாள்: "என்னை விட்டுட்டு நீங்க மூணு பேரும் போயிருக்கலாமேம்மா?"

ஒன்பது வயசுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது?

மார்ச் 22, ஞாயிறு

என்னைக் கேட்காமல் ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறார். ஏரிக்கரை ஊருக்கு இரண்டு நாள். வாய்ச்சண்டை முற்றிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, அதிலேயே ஆரம்பித்தார்.

"லிஃப்ட்ல மாட்டினவங்களை நான் வெளிய எடுக்கிறேன். மறுநாள் அவங்க அதே லிஃப்ட்லதான் ஏறுறாங்க. நீ பதினாலு மாசமா எங்களை உள்ளயே வச்சிருக்க."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? யாரோட லிஃப்டையோ ரிப்பேர் பண்ணிட்டிருந்தீங்க. நான்தானே அவளைத் தூக்கிட்டு ஓடினேன்!"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. கடைசியில் ஒத்துக்கொண்டேன், ஒரே நிபந்தனையோடு: இரண்டு நாளும் எல்லாருக்கும் என் கைச் சாப்பாடுதான்.

ஏப்ரல் 3, வெள்ளி

பதினோரு டப்பா. அவித்த முட்டை, ரொட்டி, பழம், எலுமிச்சைச் சோறு, நானே சுட்ட ஓட்ஸ் பிஸ்கட். மூச்சு அடைத்தால் போட டாக்டர் தந்த அவசர ஊசி என் கைப்பையில். இப்போதுதான் நிம்மதி.

ஏப்ரல் 5, ஞாயிறு. மருத்துவமனை

சின்னவள் தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று ரயில் கிளம்பி ஒரு மணி நேரம்தான். சின்னவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நாக்கு அரிக்குது." கழுத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. நான் முதலில் செய்தது என்ன? பெரியவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்னடி குடுத்த அவளுக்கு?"

"நான் ஒண்ணுமே குடுக்கலம்மா!"

அதற்குள் சின்னவள் குரல் கம்மிப்போய் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. ஊசியை எடுத்தேன். மூடியைக் கழற்ற வரவில்லை. விரல் கட்டைபோல ஆகிவிட்டது. அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். மாட்டிக்கொண்டவர்களிடம் லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று பேசுவாராமே, அந்தக் குரலில், "அப்பா இங்கதான் இருக்கேன்டா. காலை அசைக்காத. என்கூட எண்ணு" என்று துணிக்கு மேலேயே தொடையில் அழுத்திப் பிடித்தார். சின்னவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டார். பெரியவள் ரயில் கார்டைத் தேடி ஓடினாள். அடுத்த ஸ்டேஷனில் ஆம்புலன்ஸ் நின்றது.

டாக்டர் கேட்டார்: "கடைசியா என்ன சாப்பிட்டா?"

"வீட்டுச் சாப்பாடுதான்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வந்ததும் வராததுமாக ஓட்ஸ் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். புதுப் பாக்கெட். அதே நிறம், அதே படம். பின்னால் கடுகளவு எழுத்தில்: 'வேர்க்கடலைத் துகள் சேர்க்கப்பட்டது.' பழைய பாக்கெட்டில் அது கிடையாது. இருபது தடவை படித்தாயிற்றே என்று இருபத்தோராவது தடவை படிக்காமல் விட்டிருக்கிறேன். நான். அடுத்தவன் எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள்.

அவரிடம் நீட்டினேன். குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானா இருந்தாலும் படிச்சிருக்க மாட்டேன்." அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பெரியவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "இனிமே எதுன்னாலும் முதல்ல என்னைப் பார்க்காதம்மா" என்றாள்.

ஏப்ரல் 18, சனி

மருந்தில்லாத பயிற்சி ஊசியை வைத்து நாலு பேரும் பழகினோம். எங்களில் கெட்டிக்காரி சின்னவள்தான். எனக்கு மூன்றாவது தடவையில் மூடி கழன்றது.

மே 23, சனி

அன்று விட்டுப்போன ஏரிக்கரை ஊருக்கு மறுபடி கிளம்பினோம். வழியில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. அவர் என்னைப் பார்த்தார். நான் முதலில் போய் உட்கார்ந்தேன். சின்னவளே எழுந்து அடுப்படி வாசலுக்குப் போய் நின்றாள். நான் பின்னாலேயே போகவில்லை. மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. உயிருக்கே ஆபத்து. நீங்க எந்த எண்ணெயில பொரிக்கிறீங்க? அந்தச் சட்டியில வேற என்ன பொரிச்சீங்க?"

சமையல்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் டின்னையே தூக்கிவந்து காட்டினாள். "சட்டியைப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாது, கண்ணு. காலையில வேற ஆள் இருந்தாங்க. பொரிச்சது வேண்டாம். தனிப் பாத்திரத்துல சோறும் ரெண்டு முட்டையும் பண்ணித் தரட்டா?"

சின்னவள் கொஞ்சம் யோசித்து, சரி என்றாள்.

தட்டு வந்தது. முதல் வாய் வைக்கும்போது மற்ற மூன்று பேரும் ஜன்னலையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னவள் சிரித்துவிட்டாள். "போதும், என்னைப் பார்க்கலாம்."

"அம்மா, உன் தட்டு ஆறுது" என்றாள் பெரியவள்.

சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.