கண்ணாடி வெட்டு என்று பொய் சொன்ன கை

என் பாசமுள்ள சண்டைக்காரி மாரியக்கா,

நலமா என்று கேட்க மாட்டேன். செத்துப்போனவளிடம் நலம் விசாரிக்கும் அளவுக்கு நான் இன்னும் மரியாதைக்காரி ஆகவில்லை. உன் பச்சைச் சுடிதாரை நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். வந்து பிடுங்க முடிந்தால் பிடுங்கிக்கொள்.

ஐந்து மாதமாக எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டுகிறது. உன் படத்துக்குப் போட்ட சம்பங்கி மாலை அழுகி வீடே நாறியது. கழற்றக் கூடாது என்று அம்மா காவல் இருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒருத்தர் என் கையைச் செல்போனில் படம் பிடித்தார். “விரல இன்னுங் கொஞ்சம் மடக்கும்மா” என்றார், கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி. ச்சீ. ஆனால் இதெல்லாம் ஊசி வெடி அக்கா. அணுகுண்டு ஒன்று இருக்கிறது. அது நான்.

உனக்குத் தெரிந்தவரை அன்றைக்குக் கதை உச்சிப்பொழுதோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

ஆனைக்குட்டம் பக்கம் கருவேலங்காட்டுக்குள் இருந்த அந்தப் பட்டாசுத் தகரக் கொட்டகைக்கு லைசென்ஸ் இல்லை என்று நம் இருவருக்கும் தெரியும். பதினாறு வயதுக்காரி அங்கே வரக் கூடாது என்றும் தெரியும். லீவில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நான்தான் நச்சரித்து உன் பின்னால் வந்தேன். நீ உள்ளே குழாயில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே நிழலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்டதாம். எனக்குக் கேட்கவே இல்லை. தகரம் ஒன்று பறந்து வந்து வலது மணிக்கட்டுக்கு மேலே அறைந்தது மட்டும்தான் தெரியும்.

போர்மேன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். தேங்காய் எண்ணெய் ஊற்றி, கையில் ஒட்டியிருந்த வெடிமருந்துக் கரியையும் வெள்ளிப் பொடியையும் வழித்தார். பிளந்த காயத்துக்குப் பக்கத்திலேயே துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தார்.

“ஏத்தா பேச்சி, ஆஸ்பத்திரியில கேட்டா கண்ணாடி வெட்டிருச்சுன்னு சொல்லணும், என்ன? வெடின்னு வாயத் தொறந்தேன்னா போலீசு மொதல்ல ஒங்கய்யாவத்தான் தூக்கும். சின்னப் பிள்ளைய வேலைக்கு அனுப்புனது யாரும்பாக.”

“அக்கா எங்க மாமா?”

“அவ வேற வண்டியில வாராத்தா.”

நம் பக்கத்தில் இது புதுசு இல்லையே. கை போனால் கண்ணாடி வெட்டியது, முகம் வெந்தால் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. திருத்தங்கல் முதல் சாத்தூர் வரை இத்தனை கண்ணாடி உடைந்தால், முகம் பார்க்க ஒன்றாவது மிஞ்சுமா?

சும்மா சொல்லிவிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. எனக்குத்தான் பேச்சி என்று பேர் வைத்துவிட்டார்களே. தையல் போட வந்த டாக்டரிடம், “பீரோக் கண்ணாடி முன்னாடி டான்ஸ் ஆடுனேன் சார். அதுக்கே பொறுக்கல, ஒடஞ்சு விழுந்துருச்சு” என்றேன். டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அந்த வலியிலும் நான் சிரித்தேன். அந்த நேரத்தில் உன்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார்களாம். என் வாயை நானே கிழித்துப் போடலாம் போல இருக்கிறது.

நரம்பைச் சேர்த்துத் தைத்து அனுப்பினார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் அன்றிலிருந்து என்னுடையவை இல்லை. மடங்கியே நிற்கின்றன. கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. டீ டம்ளர் சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.

மாதம் ஒரு தடவை காட்டப் போகிற இடத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். மேலிருந்து கீழாகப் பேனா மூடியால் தட்டிக்கொண்டே வரச் சொல்லிக்கொடுத்தார். எந்த இடத்தில் தட்டினால் விரல் வரை ஷாக் அடிக்கிறதோ, வளரும் நரம்பின் நுனி அங்கே இருக்கிறதாம். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல அந்த இடம் கீழே இறங்க வேண்டும். தினமும் காலையில் தட்டிப் புள்ளி வைத்தேன். புள்ளி தையலை விட்டு நகரவே இல்லை. ஒரு நாள் இரண்டு விரற்கடை கீழே பொய்ப் புள்ளி வைத்துக்கூடப் பார்த்தேன். யாரை ஏமாற்ற?

“நுனிக்கு வளரணும்னு யார் டாக்டர் சொல்லுவா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“நல்ல கேள்வி. நரம்பு அறுந்ததும் அங்க ஏற்கெனவே இருக்கிற புரதங்கள் மேல சின்னச் சின்ன வேதிப்பொருள் ஒட்டும். பாஸ்பேட் ஒட்டின சில புரதம் கை வழியா ஏறி, கழுத்துகிட்ட இருக்கிற நரம்பு செல்லுக்குப் போகும். கீழ அறுந்துபோச்சுங்கிற சேதி அதுதான். அப்புறம்தான் செல் வளர்க்கிற வேலைய ஆரம்பிக்கும்.”

“லேபிள் ஒட்டுற மாதிரியா?”

“அப்படியே வச்சுக்கோ. யுபிக்விட்டின்னு ஒரு லேபிள் ஒட்டினா, இது கழிவு, உடைச்சு அள்ளுன்னு அர்த்தம். சில லேபிளை உரிக்கவும் வேணும். நரம்புக்குள்ள இருக்கிற குழல்ல அசிட்டைல்னு ஒண்ணு ஒட்டியிருக்கும். நுனியில அதை உரிச்சாத்தான் குழல் நெகிழ்ந்து நீளும்.”

அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம், அறுந்த இடத்திலிருந்து கழுத்து வரை ஏறிப்போய் நடந்ததை நடந்தபடி சொல்கிறது. பீரோ, டான்ஸ் என்று அது கதை விடவில்லை. உனக்கு என்ன லேபிள் ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? ‘காட்டில் விறகு பொறுக்க வந்த பெண்.’ போலீஸில் எழுதிக்கொடுத்தது அப்படித்தான். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவே பயப்படுகிற நீ, விறகு பொறுக்கினாயாம்! அதற்கு அய்யா கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

போன வாரம் மறுபடி போனோம். அய்யாவும் நானும். போர்மேனும் ஆப்பிள் பையோடு வந்து ஒட்டிக்கொண்டார். டாக்டரம்மா தட்டிப் பார்த்தார். தையலிலேயே ஷாக்.

“கண்ணாடி வெட்டுன்னா ரெண்டு ஓரமும் சுத்தமா இருக்கும். தைச்சதுக்கு இந்நேரம் உள்ளங்கையத் தாண்டியிருக்கணும். இது நசுங்கிப் பிய்ஞ்ச நரம்பு மாதிரி இருக்கு. நிஜமா கண்ணாடிதானா? வேற ஏதாவதுன்னா உள்ள கெட்டுப்போனது எவ்வளவு தூரம்னு பார்த்து வெட்டி எடுத்துட்டு, கால்லருந்து நரம்பு எடுத்து வைக்கணும். இன்னும் தள்ளிப்போட்டா கைத்தசை செத்துரும்.”

“கண்ணாடிதான் மேடம். பீரோக் கண்ணாடி. பிள்ளை டான்ஸ் ஆடிருக்கு” என்றார் போர்மேன், சிரித்துக்கொண்டே.

என் நகைச்சுவை அவர் வாயில் கிடந்து நாறியது அக்கா.

“கண்ணாடி இல்ல டாக்டர். வெடி. தகரம் வந்து அடிச்சது. எங்கக்கா அங்கனதான் செத்தா.”

“ஏத்தா, எல்லாத்துலயும் வெளையாட்டா? இது எப்பவும் இப்படித்தான் மேடம், வாயத் தொறந்தா பொய்யி.”

டாக்டரம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதுதானே அவர் கையிலிருந்த சீட்டில் எழுதியிருந்தது? என்னை யார் நம்புவார்கள்? 

அய்யா தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“வெடிதான் தாயி. எம் மூத்த மக வெறகு பெறக்கப் போகல. வேலைக்குத்தான் போனா. இவளும் கூடப் போனா. போகாதன்னு நாஞ் சொல்லல.”

போர்மேன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஆப்பிளை விட்டுவிட்டுப் போனார். அய்யா அதை எடுத்துப்போய்க் குப்பைத் தொட்டியில் போட்டார்.

டாக்டரம்மா பழைய எழுத்தை அடித்துவிட்டு ‘வெடிவிபத்து’ என்று எழுதி, போலீசுக்கும் தகவல் அனுப்பினார். அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். விரல் முழுசாக வரும் என்று உறுதி சொல்லவில்லை. முதல் நாளே நிஜத்தைச் சொல்லியிருந்தால் வந்திருக்குமா என்று கேட்டேன். என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் ஷாக் அடித்தது.

அதிகாரிகள் வந்து கொட்டகைகளைப் பூட்டியதிலிருந்து தெருவில் நம் வீட்டோடு யாரும் பேசுவதில்லை. “சீசன் நேரத்துல நாலு கொட்டகைய மூட வச்சுட்டாளே, வெளங்குவாளா” என்று குழாயடியில் அம்மா காதுபடவே பேசுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே கொட்டகைகளில்தான் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டுகிறது. பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வருமா அக்கா?

திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ என்ன வேலை செய்தாய், எத்தனை மணிக்கு உள்ளே போனாய், தப்பி வர முடியாமல் பின்கதவை மறித்து லோடு அடுக்கச் சொன்னது யார், எல்லாவற்றையும் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். ஒரு ஜோக்கும் அடிக்க மாட்டேன். வாய் துறுதுறுத்தால் இடது கையால் தொடையைக் கிள்ளிக்கொள்கிறேன். இது சத்தியம்.

உனக்கு அடுத்ததாகப் பிறந்து, இப்போது வீட்டுக்கு மூத்தவளாகிவிட்ட
உன் தங்கச்சி,
பேச்சியம்மாள்