தாய்வீட்டுக் கணக்கு

1982 ஜூன் 7
கணக்கு முடிந்தது. நெட்டப்பாக்கம் பக்கத்து ஆறு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரசவ நிலையம். அதை எங்கே வைப்பது என்று சொல்வது பாண்டிச்சேரி சுகாதார அலுவலகத்தில் என் வேலை. ஊருக்கு இத்தனை கர்ப்பிணிகள், இத்தனை கிலோமீட்டர் நடை என்று பெருக்கிக் கூட்டினேன். மொத்த நடை எந்த ஊருக்குக் குறைவோ அங்கே நிலையம். கூட்டல் மெஷின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று. விடை பண்டசோழநல்லூர். மேலதிகாரி டாக்டர் "பலே" என்றார். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19
எனக்கு ஐந்தாம் மாதம். வாந்தி நின்றது. மாதாவுக்கு நன்றி.

ஜூலை 12
மடுகரையிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஏழாம் மாதம் அழைத்துப் போகிறாளாம். அங்கிருந்தே பஸ்ஸில் ஆபீஸ் போய்க்கொள்ளலாம். வீட்டுக்காரர் செபாஸ்டின் முகம் தொங்கிப்போயிற்று. இப்போதே சமைக்கப் பழகட்டும்.

ஜூலை 13
ஆறு ஊரில் ஒன்றான மடுகரையின் நர்ஸ் விஜயகுமாரி ரிப்போர்ட் கொடுக்க வந்தாள். என் வயிற்றைப் பார்த்து, "எப்போ மடுகரைக்கு வரீங்க?" என்றாள். "ஆவணியில" என்றேன். சொன்னதும் திக்கென்றது. தலைப்பிரசவத்துக்கு எவள் புருஷன் வீட்டில் இருக்கிறாள்? ஆறு ஊரிலும் மருமகள்களை எண்ணியிருக்கிறேன். பிள்ளை பெற வரும் மகள்களை எண்ணவில்லை. மடுகரைப் பெண்களில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் தென்னாற்காட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள்; என் பட்டியலிலேயே இல்லை.

விஜயகுமாரி நோட்டைப் புரட்டினாள். "போன வருசம் அப்டி மடுகரைக்கு வந்தது நாப்பத்தி மூணு மேடம். பாண்டிக்குப் போறப்போ வண்டியிலயே ரெண்டு கொழந்த போச்சு."

இத எப்டி வுட்டேன்? நானே பொட்டி கட்டிக்கினு இருக்கேன் —

ஜூலை 15
பிரசவம் நடந்த ஊரை வைத்து மறுபடி போட்டேன். மடுகரை. திரும்பவும் போட்டேன். மடுகரைதான். என் அம்மா ஊர். ஐயோ, இதை எந்த முகத்தோடு கொண்டுபோய் நீட்டுவது?

ஜூலை 16
நீட்டவில்லை.

ஜூலை 19
நாளை ஃபைல் கையெழுத்துக்குப் போகிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஜூலை 20
போட்டு உடைத்துவிட்டேன். "என் கணக்கு தப்பு சார். சரியான ஊர் எங்கம்மா ஊர். என்னை நம்ப வேணாம், வேற யாரையாவது போடச் சொல்லுங்க." பக்கத்து மேசையில் ஒருவர், "அம்மா வூட்டு வாசல்லயே ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தார். அவமானமாக இருந்தது. டாக்டர் தாள்களை ஹபீப் முகமதுவிடம் தள்ளினார். என் கூட்டலை ஒருநாளும் நம்பாத மனுஷர். அதுவே நல்லது.

ஜூலை 23
மூன்று நாள் கைப்பிடியைச் சுற்றினார் ஹபீப். விடை மடுகரை. என்னிடம் வந்து, என் வயிற்றைப் பார்த்து, "ஒண்ணு வுட்டுட்டியேம்மா. நாப்பத்தி நாலு" என்றார்.

அக்டோபர் 4
இங்கே மடுகரையில் வாடகை வீட்டில் நிலையம் திறந்தாயிற்று. ஒரு கட்டில், ஒரு அலமாரி, விஜயகுமாரி. ஆபீஸில் இன்னும் என்னைக் கேலி செய்கிறார்களாம். பாண்டியிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றேன். "ஊர் வாய மூடறதுக்கு நீ வண்டில குலுங்கணுமாடி?" என்று அம்மா கத்தினாள்.

அக்டோபர் 23
நேற்று முன்தினம் காலையில் வலி கண்டது. அடை மழை, பாண்டிக்கு பஸ் இல்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே நிலையத்துக்குப் போனேன். கட்டிலில் அமுதம் என்று ஒருத்தி, அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு வந்தவள். என் முதல் பட்டியலில் இருந்திருக்க மாட்டாள். அவளை எழுப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாயிலேயே பெற்றேன். பெண் குழந்தை.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இன்னொரு கட்டில் கேட்டு எழுத வேண்டும்.