என் பெயரில் ஒரு டி டிரைவ்

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. முழுக்க ஒரே சி டிரைவ். அதனுள்ளேயே இருக்கும் கருவியைத் திறந்து, சி-யைச் சுருக்கி, மிச்சத்தில் டி போட்டேன். ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எதையும் அழிக்கவில்லை. கடைசியில் மட்டும் புது டிரைவுக்குப் பெயர் என்ன என்று கேட்டது. உங்கள் ஞாபகம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

ஒண்டிக்கடை என்கிற நம் ஊரில் இந்த அச்சுக் கடைக்கு நாம் முதல் கம்ப்யூட்டர் வாங்கிய வருடம். தூசு படும் என்று என்னை அதன் பக்கமே விடமாட்டீர்கள். நான் காகிதம் வெட்டுவேன், கவர் ஒட்டுவேன். கூப்பிட வேண்டுமென்றால் 'ஏம்புள்ள', கோபமென்றால் 'இந்தா'. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். நான் மட்டும் என்ன, ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால், உங்கள் பெயர் அச்சடித்த நம் பில் புத்தகத்தை நீட்டுகிறவள்.

ஒருநாள் மாரமங்கலத்துக்காரர் ஒருவர் மகளின் கல்யாணப் பத்திரிகைக்காகக் காலையிலேயே வந்துவிட்டார். சாயங்கால பஸ்ஸுக்குள் கட்டு கைக்கு வரவேண்டும்; மறுநாள் ஊர் ஊராகக் கொடுக்க ஆள் தயார். சி-யில் இடமில்லை என்று மெஷின் அச்சடிக்க மறுத்தது. டி-யோ காலி. அந்தக் காலத்தில் இரண்டையும் அழித்து மறுபடி பிரித்தால்தான் சி பெரிதாகும். இருந்த எல்லாவற்றையும் இருபது ஃபிளாப்பியில் ஏற்றி வைத்துக்கொண்டீர்கள். கறுப்புத் திரையில் டி-யை அழிக்கச் சொன்னதும், அதற்கு வைத்த பெயரை அடி, அப்போதுதான் அழிப்பேன் என்றது. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"ஏனுங்க, பேரு மறந்து போச்சுங்களா?" என்றார் அவர்.

மறந்திருந்தால் தேவலையே என்று முனகினீர்கள். நான் எட்டிப் பார்த்தேன். திரையில், ஆங்கில எழுத்தில், என் பெயர். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஒரு பீரோ வாங்கித் தராத மனுஷன், கம்ப்யூட்டரில் பாதியை எனக்கு எழுதிவைத்துவிட்டு மூச்சு விடாமல் இருந்திருக்கிறீர்கள்.

பஸ் போய்விடும், அடியுங்கள் என்றேன்.

"குத்துக்கல்லாட்டம் நீ நிக்கறப்ப உம் பேர நான் எப்படிப் புள்ள அழிக்கறது?" என்றீர்கள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

உங்களைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நானே அடித்தேன். நான் செய்த முதல் கம்ப்யூட்டர் வேலை என்னையே அழித்ததுதான். மாரமங்கலத்துக்காரர் சிரிப்பை அடக்கத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

கட்டு பஸ் ஏறிய பிறகு என்னைக் கூப்பிட்டீர்கள். மூலையில் மிஞ்சிய துளி இடத்தில் மறுபடி ஒரு டி.

"இடந்தான் சுருங்கிப்போச்சு. பேரு அதேதான்," என்றீர்கள். அன்றிலிருந்து என்னையும் அதன் முன் உட்கார விட்டீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இன்று இந்தக் கடை ஓடுகிறது.

நீங்கள் போன பிறகு எத்தனையோ படிவங்களில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். வாயால் சொன்னதில்லை. இன்று அதைப் புது டிரைவுக்கு வைத்தேன். கடையில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒருமுறை சத்தமாகவே படித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சரிபாதி விட்டிருக்கிறேன். அன்றைய என் டி-யைப் போலவே, அதிலும் எதையும் வைக்கப்போவதில்லை.