பேக்கிங் வெட்டிய தாள்

மரக்காணம்,
12.3.2006

அன்புள்ள மாப்பிள்ளை புருஷோத்தமன் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கன்னியப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ஆராயியும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் செந்தமிழும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து ஏதோ குழந்தை எழுதியது என்று நினைப்பீர்கள். நான்தான் எழுதுகிறேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. உங்கள் பெயரில் 'ஷோ' என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. ஆராயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

போனில் பேசலாம் என்றால், என் குரல் கேட்டதும் நீங்கள் செந்தமிழிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அவளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்பப் போவதில்லை, திண்டிவனத்தில் உங்கள் அம்மாவே பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் சொல்லிவிட்டதாக ஆராயி சொன்னாள். அன்றிலிருந்து அவளும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தப்பு என்னுடையது. அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

போன ஆனி மாதம் நீங்கள் லீவில் வந்தபோது, உப்பள முதலாளி தட்சணாமூர்த்தியின் பழைய ஃபியட் காரின் இன்ஜினை என் ஷெட்டில் இறக்கிப் போட்டிருந்தேன். கார்பரேட்டரை எடுத்துவிட்டு பியூயல் இன்ஜெக்‌ஷன் வைக்கலாம் என்றீர்கள். அதில் ஒயர் அதிகம், இந்த உப்புக்காற்றில் நிற்காது என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. படம் வரையத் தோதாகத் தடித்த தாள் வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு தாள் எழுதினீர்கள். "மாமா, இதப் படிச்சுப் பாருங்க. அப்புறம் நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்" என்று என் கையில் கொடுத்தீர்கள்.

மறுநாள் காலையிலேயே முதலாளி வந்து அவசரப்படுத்தினார். கார்பரேட்டருக்கு அடியில் காற்று புகாமல் வைக்கும் பேக்கிங் கிழிந்து கிடந்தது. தடித்த தாள் வேண்டும். உங்கள் தாள் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஆறில் ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். கடைசித் தாளை உருவி, இன்ஜின் மேல் வைத்துச் சுத்தியால் ஓரம் தட்டி, பேக்கிங் வெட்டிவிட்டேன்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். "இன்னா மாமா, படிச்சிட்டுத்தான் வெட்டினீங்களா?" என்று கேட்டீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்தில் நின்றார். "படிச்சேன் மாப்ள. பேக்கிங்குக்குத்தான் ஆவும்" என்றேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். நீங்கள் வீட்டுக்குப் போய் சாப்பிடாமலே செந்தமிழைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

எனக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். நிச்சயதார்த்தத்தில் நான் போட்டதைப் பார்த்து, படித்தவர் என்று உங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று செந்தமிழிடம் சத்தியம் வாங்கினேன். அவள் உங்களிடம் மறைத்தது என் மானத்துக்காக. அவளைத் திட்டாதீர்கள்.

ஐப்பசி மழையில் அந்தக் கார் திணறித் திணறி நின்றுபோனது. கழற்றினால், பேக்கிங் ஊறிப்போய் காற்று இழுத்திருக்கிறது. அதன் ஓரத்தில் உங்கள் எழுத்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரிடமும் கேட்க வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. உப்பளத்துப் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். "ஏம்பா, கலெக்டர் ஆவப் போறியா?" என்று இருசப்பன் கேலி பேசுவான். அவனும் அதே வகுப்புதான், அவனுக்கு இன்னும் 'ழ' வரவில்லை. நான் இப்போது பஸ் போர்டெல்லாம் படிக்கிறேன். போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகையில் 'கூனிமேடு' என்று சத்தமாகப் படித்தேன். இறங்கப் போகிறேன் என்று நினைத்து கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

மிச்சம் ஐந்து தாளை ஆராயி பத்திரமாக வைத்திருந்தாள். எல்லாம் படித்துவிட்டேன். இன்ஜெக்‌ஷன் என்றால் காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும், பெட்ரோல் குறையும் என்று ஒரு தாளில். இன்னொரு தாளில், "மாமா உப்புக்காற்றைச் சொல்கிறார், அது நியாயம். வழியில் நின்றால் பார்க்க இங்கே ஆள் இல்லை. கார்பரேட்டர் என்றால் மாமா பத்து நிமிஷத்தில் ஓட வைப்பார்." இதை நான்கு தடவை படித்தேன். எனக்காக நான் பேசியதைவிட நீங்கள் நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். உங்களையா முதலாளி முன்னால் அப்படிச் சொன்னேன் என்று இருக்கிறது.

இரண்டில் எது நல்லது என்று முடிவு எழுதிய தாளைத்தான் வெட்டியிருக்கிறேன். பெட்ரோலில் ஊறி, ஓரத்தில் ஓரிரு எழுத்து தவிர மை போய்விட்டது. அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும். இன்ஜினை மறுபடி இறக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் எதைச் சொன்னாலும் அதையே வைக்கிறேன்.

செந்தமிழை அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உள்ளறையில் மின்விசிறி மாட்டியாயிற்று, அதை மட்டும் எழுதுங்கள் என்று ஆராயி சொன்னாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பதில் போட்டால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதுங்கள் மாப்பிள்ளை. நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
கன்னியப்பன்