உதவி: மகள்

அப்பா,

பீரோவின் மேல்தட்டைத் துடைக்கும்போது அந்த உறை கையில் வந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணியில், நாலு மூலையிலும் நாடா வைத்து நீங்களே தைத்தது. மடிக்கணினிக்கு யாராவது உறை தைப்பார்களா? முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்து, தினமும் சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு வந்த பழக்கம். முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாடைக்கு அடியில் உங்கள் மூக்குப்பொடி வாசனை இன்னும் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனவர் மேல் கோபப்படக் கூடாது என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் இருந்தபோதும் என்னால் கோபப்பட முடியவில்லை. பிறகு எப்போதுதான் படுவது? அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தச் சாயங்காலத்திலிருந்து தொடங்குகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, பள்ளியில் இரண்டாவதாக வந்தேன். பொறியியல் கவுன்சிலிங்குக்குச் சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நீங்கள் கூட்டிப்போவதாக அம்மா சொன்னாள். சாயங்கால பஸ். நான் மதியமே சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கி, இரண்டு சுடிதாரைப் பையில் வைத்து, தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் போகும் நேரம் வந்தது, போனது. அதற்குப் பிறகுதான் நீங்கள் கோர்ட்டிலிருந்து வந்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள். என் பையைப் பார்த்தீர்கள். அம்மாவிடம் காப்பி கேட்டீர்கள். அவ்வளவுதான். "முடியாது" என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒன்றும் சொல்லாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்திலிருந்த கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்த்தீர்கள். பிறகு கல்யாணம். இரண்டு தெரு தள்ளி, நைட்டி மொத்த வியாபாரம் செய்யும் வீடு. கடையில் மத்தியானம் ஆள் வராது. அந்த நேரத்தில் கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து கம்ப்யூட்டர் நிரல் எழுதப் படித்தேன். நைட்டிக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, என் பாட்டுக்கு. ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் கடைக்கு வந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "என்னத்தட்டி நோண்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்டீர்கள். நான் சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அந்தச் சென்னைப் பயணம் உங்கள் நினைவுக்கு வருகிறதா என்று முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அம்மா போய், நீங்களும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கி வளர்க்க ஆசைப்பட்டீர்கள். மாடி வீடு, கீழே தறி ஓடுகிறது, வீட்டுக்காரர் ஆட்டுக்கெல்லாம் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார். உங்கள் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் சொன்னேன், கம்ப்யூட்டரில் ஒரு ஆடு வளர்க்கலாம் என்று. என் வாய்தான். மறு வாரமே யாரிடமோ சொல்லிப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி வந்துவிட்டீர்கள்.

ஞாயிறு மத்தியானங்களில் வருவேன். நீங்கள் மேஜை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள், ஜட்ஜ் வாயைத் திறக்கக் காத்திருப்பதுபோல. "நீ சொல்லு. நான் அடிக்கேன்" என்பீர்கள். நான் யோசித்து ஒவ்வொரு வரியாகச் சொல்வேன். உங்கள் பத்து விரலும் பார்க்காமலே பறக்கும். ஒரு புள்ளிகூடத் தப்பாது. என்ன அடிக்கிறீர்கள் என்பது மட்டும் உங்களுக்குப் புரியாது. பிறகு கேட்பீர்கள், நான் விளக்குவேன். ஆட்டுக்குள் மூன்று எண்கள் இருக்கின்றன: பசி, தாகம், சந்தோஷம். நேரம் போகப் போகப் பசியும் தாகமும் கூடும், சந்தோஷம் குறையும். புல் கொடுத்தால் பசி குறையும். தடவிக்கொடுத்தால் சந்தோஷம் ஏறும். மற்றதெல்லாம் அதன்மேல் கட்டுவதுதான். கருப்பி என்று பெயர் வைத்தீர்கள். கோடுகளால் ஆன, காது மட்டும் பெரிதாக அமைந்துவிட்ட ஒரு கறுப்புக் குட்டி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் கருப்பி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், புல்லை நீட்டினாலும் வாங்கக் கூடாது என்று ஒரு விதி எழுதினோம். முதல்முறை அது திரும்பிக்கொண்டபோது நீங்கள் சத்தம் போட்டுச் சிரித்தீர்கள். "கோவத்தப் பாரேன்" என்றீர்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் நாம் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல்தடவையாக இருக்கும். அதை நினைத்தாலும் இப்போது எரிச்சலாக இருக்கிறது. ஒரு பொம்மை ஆடு இரண்டு நாளில் கோபித்துக்கொண்டால் உங்களுக்குப் புரிகிறது. இருபது வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவளை நீங்கள் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஓய்வூதியர் கூட்டம். மாதாமாதம் கூடும் அந்தக் கல்யாண மண்டபத்து மாடிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். உங்களைச் சுற்றிப் பத்துப் பேர். உங்களோடு வேலை பார்த்த தலைமை எழுத்தர் அண்ணாச்சி, "எப்ப வே பிரியாணி?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர்தான் நிஜமாகவே கேட்டார், இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று.

"யாரு சொல்லிக்குடுக்கணும்? நானேதான். ஒக்காந்து ஒக்காந்து கண்டுபிடிச்சேன்."

நான் வாசலில் நின்றேன். நீங்கள் தலையைத் தூக்கினீர்கள், என்னைப் பார்த்தீர்கள். திருத்திச் சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது. "எம்மவ. கண்ணாடி கொண்டாந்திருக்கா" என்றீர்கள்.

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர் சொன்னதை அடித்தீர்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் அடுத்தவர் கையெழுத்து. நல்ல தீர்ப்பு என்று பேப்பரில் வந்தால், "நான் அடிச்சது" என்று அம்மாவிடம் காட்டுவீர்கள். அவள் சமையலைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவாள். உங்கள் பெயர் ஒன்றின்மேலாவது இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிவதால்தான் கோபம் கூடுகிறது. அந்த வலி என்னவென்று இந்த ஊரில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதை எடுத்து என் தலையிலேயே வைத்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பெயரைப் பற்றித்தான் கேட்க வந்தேன், வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு ஏம்ப்பா நீங்க வரல?"

என்றைக்கு என்று நீங்கள் கேட்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமும் நீங்களும் மறக்கவில்லை என்று. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"மெட்ராஸ்ல எங்கன எறங்கணும், எவங்கிட்ட என்ன கேக்கணும், ஒண்ணும் எனக்குத் தெரியாது மக்கா. கூட வந்தா அது ஒனக்குத் தெரிஞ்சிரும்லா."

எத்தனையோ காரணங்களை நான் கற்பனை செய்திருந்தேன். பெண்பிள்ளை வெளியூரில் தங்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள், சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்றெல்லாம். இதை நினைக்கவே இல்லை. மகள் முன்னால் முழிக்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம். அதற்காக என் படிப்பு. பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, உடம்பெல்லாம் எரிந்தது. "தெரியாதுன்னு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் விசாரிச்சிட்டே போயிருப்போம்லாப்பா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. ஒரு புதன்கிழமை கடையில் இருந்தபோது நீங்கள் கூப்பிட்டீர்கள். கருப்பி புல்லைத் தின்கிறது, ஆனால் பசி குறைய மாட்டேன் என்கிறது, கூடிக்கொண்டே போகிறது என்றீர்கள். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்தது கெஞ்சல் என்று தெரிந்தும், "நீங்கதான எழுதுனீங்க, நீங்களே பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. பால்காரர் ஓடிவந்து சொன்னார். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. என்னைக் கடைசியாகப் பேசியவளாக, அப்படிப் பேசியவளாக விட்டுவிட்டுப் போனீர்கள். இதையும் மன்னிக்கவில்லை. உங்களையா என்னையா என்று இன்னும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். கருப்பியின் பசி எண் எங்கேயோ ஏறிப்போயிருந்தது. நிரலைப் பார்த்தேன். நான் வராத நாட்களில் தனியாக ஏதோ செய்யப் பார்த்திருக்கிறீர்கள். கருப்பிக்கு வேப்பங்குழையும் கொடுக்க ஆசைப்பட்டு, புல்லுக்காக நான் முன்பு சொன்ன வரிகளைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறீர்கள். ஆறேழு இடங்களில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி. அந்தக் குழப்பத்தில் பசியிலிருந்து கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி விழுந்திருக்கிறது. தின்னத் தின்னப் பசிக்கிறது. புள்ளி தப்பாமல் அடித்த கைக்கு, சொல்ல ஆள் இல்லை. ஒரே ஒரு குறியை மாற்றினேன். எண் இறங்கியது. அன்று புதன்கிழமை வந்திருந்தால் அரை நிமிஷ வேலை.

பிறகு மேலே போனேன். முதல் வரியில் 'எழுதியவர்' என்று போட்டு உங்கள் பெயர் எப்போதும் இருக்கும். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

உதவி: மகள்.

நீங்கள் இறங்கி வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. உங்களுக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்பதும் தெரிகிறது. ஆனால் உதவியாம். மகளாம். பெயர் இல்லையா அப்பா எனக்கு? நீங்கள்தானே வைத்தீர்கள்? அந்த வரியை அழித்தேன். 'எழுதியவர்கள்' என்று மாற்றி, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை அடித்தேன். உங்கள் பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

போன ஆனியில் தொலைதூரக் கல்வியில் கணினிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். படிப்பில் இடைவெளி ஏற்பட்டதற்கான காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அலுவலகத்து அம்மா, குடும்பச் சூழ்நிலை என்று போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார். நான் பேனாவை எடுத்து, 'அப்பா கூட வரவில்லை' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். சீல் வைத்தார்.

சனி, ஞாயிறுகளில் வகுப்பு. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறேன். அவர்களுக்குச் சட்டென்று புரிவது எனக்குப் புரிவதில்லை. முதல் வாரம் புரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே உங்கள் முகம் எனக்கு வந்துவிட்டதை உணர்ந்தபோது கோபம் வந்தது. கையைத் தூக்கி, "சார், எனக்குத் தெரியல" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை அப்பா. அவர் மறுபடி சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன். கையைத் தூக்க வைப்பது தைரியம் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேலுள்ள கோபம்தான் அது. நான் அதை ஆறவிடப் போவதில்லை.