பாதியில் நிற்கும் கம்ப்யூட்டர்

21-1-2007, ஞாயிறு

காலையில் சஹாபுதீன் அண்ணன் போன் செய்தார். என் நம்பர் அவரிடம் இருக்கிறது என்பதே இன்றுதான் தெரியும். அவராகக் கூப்பிட்டால் யாராவது இறந்து மௌத் சேதியாக இருக்க வேண்டும், இல்லை யாருக்காவது நிச்சயம் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

"ஜுவைரியா, ஊட்டுல கம்ப்யூட்டர் ஓப்பன் ஆவ மாட்டேங்குது. பாதி வந்து நின்னுடுது, திரும்ப மொதல்லேர்ந்து வருது. நீ கம்பெனில இதெல்லாம் பாக்கறியாமே?"

பாக்கறியாமே! கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஆபீசில் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ஊரே அறியும். அவருக்கு மட்டும் 'யாமே'.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரேண்ணே" என்றேன், தேன் ஒழுக. போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. "இன்னா சிரிப்பு தனியா?" என்றார் என் வீட்டுக்காரர் ஷஃபியுல்லா. காலண்டரில் 28-ஐச் சுற்றி வட்டம் போட்டேன்.

அண்ணன் மாட்டினார்.

22-1-2007

இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

16 ஜூலை 1996. பொன்னேரியில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். எனக்குப் பதினெட்டு வயது. கோர்ஸ் முடிய ஒரே ஒரு தேர்வு பாக்கி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டிய ஏசி அறைக்குள் அண்ணன் செருப்போடு வந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுந்திரு. பொட்டச்சிக்கு இன்னாத்துக்குடி கம்ப்யூட்டரு? நட ஊட்டுக்கு."

எழுந்தேன். திரையில் நான் அடித்த வரி பாதியில் நின்றது. பழவேற்காடு வரைக்கும் பஸ்ஸில் பேப்பர் படித்துக்கொண்டு வந்தார். அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்த்து நிக்காஹ். ஷஃபியுல்லா தங்கமான மனுஷனாக அமைந்தது என் நசீபு, என் அதிர்ஷ்டம்; அண்ணன் சாமர்த்தியம் இல்லை. கம்பெனியில் சேரச் சொன்னதும், மீதியைக் கற்றுக்கொள்ளச் சொன்னதும் ஷஃபியுல்லாதான்.

இப்போது அதே அண்ணன் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர்! துபாயில் இருக்கும் மகன் ஃபயாஸ் வாங்கிக் கொடுத்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார் — வீட்டுப் பெண்கள் போட்டோவெல்லாம் உள்ளே இருக்கிறது. வெளி ஆம்பளையை வீட்டுக்குள் விடவும் மாட்டார். அவர் போட்ட கட்டுப்பாடு அவர் கழுத்தைப் பிடிக்கிறது. பொட்டச்சிதான் வரணும்!

28-1-2007, ஞாயிறு

போனேன். கம்ப்யூட்டருக்கு ஜரிகை வைத்த உறை போட்டிருந்தார்கள். அண்ணி பீவி ஜான் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபயாஸுக்கு ஆம்பளப் புள்ள பொறந்து பத்து நாளாவுது. வெள்ளிக்கெழமதான் அவனுக்கு லீவு. கேமராவுல காட்டறேன்னான். இது இப்டி பண்ணுது பாரு."

போட்டேன். விண்டோஸ் படம் வந்தது, கீழே நீலக் கோடு மூன்று முறை ஓடியது, பட்டென்று கறுத்து மறுபடி முதலிலிருந்து. சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே கதை. அண்ணன் என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "வைரஸா? வைரஸாத்தான் இருக்கும்" என்றார். யாரிடமோ கேட்ட ஒரு வார்த்தை.

அஸர் தொழுகைக்கு அவர் கிளம்பியதும் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பழவேற்காடு ஏரிக்கரை உப்புக்காற்று சும்மா விடுமா? மெமரி, சீப்பு நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை, அதன் பித்தளைப் பற்களில் களிம்பு. பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகி, போட்டேன். கோடு ஓடியது. ஓடி முடித்தது. திரை முழுக்க ஃபயாஸ் முகம், சிரித்துக்கொண்டு.

இவ்வளவுதான் கோளாறு. இவ்வளவுக்கா இந்த ஆட்டம்!

அண்ணி அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். பட்டையைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டேன்.

அண்ணன் வந்து பட்டனை அழுத்தினார். கீ... கீ... கீ... என்று கத்தியதே தவிரத் திரையில் ஒன்றும் இல்லை. "இன்னாம்மா இது, முன்னாடி பாதியாவது வந்துச்சு!"

"பெரிய கோளாறுண்ணே. பாக்கணும்."

பாவமாகப் பார்த்தார். வடை ருசியோ ருசி.

31-1-2007

அண்ணன் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

1-2-2007

எடுத்தேன். "மதர்போர்டுண்ணே. பேஜாரு புடிச்ச வேலை" என்றேன். "கொஞ்சம் வாம்மா" என்றார். வாம்மா! இன்னொரு தடவை சொல்ல வைப்பதற்காக, லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றேன். சொன்னார்.

4-2-2007, ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காத்திருந்தார் அண்ணன். வீட்டில் ஆப்பம், பாயா என்று நாஷ்டா தடபுடல். இன்று கேட்டுவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவர் வாயால் 'தப்புதாம்மா' என்று வரவேண்டும், அண்ணி காதில் விழவேண்டும், அப்புறம்தான் பட்டை.

"அண்ணே, என்னைப் பொன்னேரி கிளாஸ்லேர்ந்து எழுப்பிக் கூட்டிக்கினு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஆப்பத்தைப் பிய்த்தபடி யோசித்தார். "எந்த கிளாசு? நீ பன்னெண்டாவதோட நின்னுட்டல்ல?"

"கம்ப்யூட்டர் கிளாஸ்."

"அப்டியா? நானா வந்தேன்?" அப்புறம் சொன்னார் பார், "அப்பவே நல்லா படிச்சிருக்கலாம்ல நீ. இப்ப இன்னும் பெரிய வேலைல இருந்திருப்ப."

நடிப்பு இல்லை. சத்தியமாக அந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லை! பதினோரு வருசமா நான் நெஞ்சுல வெச்சுக்கினு எரியறேன், அந்தாளு கழுவின கையோட அன்னிக்கே மறந்துட்டுப் போயிட்டான். மறந்தவன்கிட்ட இன்னான்னு பழி வாங்கறது? யாரை வாங்கறது? பாதி ஆப்பத்தில் எழுந்து வந்துவிட்டேன். பட்டையை ஏரியில் வீசப்போகிறேன் என்றுதான் நடந்தேன்.

தெருமுனையில் அண்ணி மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்தாள்.

"அதக் குடு."

"எது அண்ணி?"

"பையில வெச்சுக்கினுகிறியே, அது. அன்னிக்கு எம் புள்ள மூஞ்சி வந்துச்சு. நீ அணச்ச. அடுப்பங்கர வாசப்படில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

"ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?"

அண்ணி சிரித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. "இருவத்தஞ்சு வருசமா அந்த மனுசன் ஒருத்தரப் பாத்து 'கொஞ்சம் வாம்மா'ன்னு கெஞ்சி நான் பாத்ததில்ல. நல்லா கெஞ்சட்டும்னு உட்டுட்டேன். ஒரு வாரம் என் வயிறு குளிர்ந்துச்சு. ஆனா வர்ற வெள்ளிக்கெழம பேரன் கேமராவுல வருவான். அதுக்கு மேல என்னால முடியாது."

பையைத் திறந்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அவருக்கு மறந்துட்டா எனக்கும் மறந்துடுமா? ஜூலை பதினாறு, செவ்வாக்கெழம. நான்தான் சோறு போட்டேன், நீ தொடல. அன்னிக்கு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பயம்."

"எப்படி மாட்டணும்னு தெரியுமா?"

"நீ கழட்டினதத் திருப்பிச் செய்யணும். அவ்ளோதான?"

அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன்.

9-2-2007, வெள்ளி

அண்ணி போன். ஜும்மா தொழுகைக்கு அவர் போயிருந்தபோது, இரண்டு பக்கமும் டிக் டிக் என்று பிடித்துக்கொள்ளும்வரை அழுத்தினாளாம். திரும்பிவந்த அண்ணன், பேரனோடு பேசிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்து, "யாரு வந்து சரி பண்ணது?" என்றாராம். "நான்தான்" என்றாளாம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றாராம். குழந்தைக்கு அண்ணன் காது. பாவம்.

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இதுக்குப் பூட்டு போட முடியுமா ஜுவைரியா?" என்றாள். போனிலேயே வழி சொன்னேன். என்ன வார்த்தை வைக்கப்போகிறாய் என்றதற்கு, "வார்த்த இல்ல, நம்பரு" என்றாள்.

18-2-2007, ஞாயிறு

அண்ணன் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஜுவைரியா, உங்க அண்ணி இன்னாமோ பூட்டு போட்டுக்கிறா. எட்டு நம்பர் அடிச்சாத்தான் உள்ள போவுது, இல்லாட்டி பாதியிலயே நின்னுடுது. சீட்டுல எழுதிக் குடுத்துக்கிறா. தெனம் அத அடிச்சிட்டுத்தான் பேரன் போட்டோவப் பாக்கறேன். இது இன்னா நம்பரு? போன் நம்பரும் இல்ல, ஃபயாஸ் பொறந்த தேதியும் இல்ல."

"அண்ணிகிட்ட கேக்கறதுதானேண்ணே?"

"கேட்டேன். 'யோசிச்சுப் பாரு, வரும்'ன்றா."

அடுப்பில் பால் பொங்கியது. நான் எழுந்திருக்கவில்லை.

"லைன் சரியில்லண்ணே. அந்த நம்பரை மெதுவா சொல்லுங்க" என்றேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று. ஆறு. சைபர். ஏழு.